நான் வைத்துக் கொடுத்த அடுப்பு

வீட்டை இடித்துக் கட்டும்போது அதே வீட்டில் குடியிருப்பது என்று முடிவெடுத்தது நான்தான். ஆறு மாதம் எங்கேயாவது வாடகைக்குப் போய்விடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். போகிற இடத்தில் தண்ணீர் எப்படி இருக்குமோ, பக்கத்தில் எப்படிப்பட்டவர்களோ, நாம் இல்லாத வீட்டில் மேஸ்திரி என்ன கூத்து அடிப்பாரோ என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

அது எண்பதுகளின் கடைசி. விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்போது செராமிக் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் ஒரே கம்பெனியில் சூளை வேலை. நான் இன்னொரு சின்னக் கம்பெனியில் பியூஸ் கட்டைக்கு பினிஷிங் செய்தேன். அச்சிலிருந்து வரும் வேகாத கட்டையின் ஓரத்தைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, உடையாமல் பலகையில் அடுக்க வேண்டும். எட்டு மணி நேரம் அதைச் செய்துவிட்டு வந்தால் புருவம்கூட வெளுத்திருக்கும்.

எங்களுடையது ஓட்டு வீடு. முன்னால் ஒரு கூடம், பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் சமையலறை என்று நாங்களே சொல்லிக்கொண்ட ஓர் இருட்டுப் பொந்து. புகை போக வழி கிடையாது. மழை வந்தால் சரியாக அடுப்புக்கு மேலே ஒழுகும். ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு தோசை வார்த்திருக்கிறேன், சிரிக்காதீர்கள். பத்து வருஷம் அந்தப் பொந்தில் ஆக்கிக் கொட்டிய பிறகுதான், ஓட்டைப் பிரித்துவிட்டு மெத்தை வீடாகக் காங்கிரீட் போடலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்தேன்.

அந்தப் பத்து வருஷத்தில் எனக்குக் குழந்தை பிறக்கவில்லை. பழமலைநாதரிடம் வேண்டாத நாளில்லை, காட்டாத டாக்டர் இல்லை. அதைப் பற்றி அதிகம் பேச எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் நான் செய்தது யாருக்கும் விளங்காது.

கொழுந்தனாருக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெண் சேத்தியாத்தோப்புப் பக்கம். நான் அவளைச் சின்னவள் என்றுதான் சொல்வேன். பதவிசான பெண். எங்களுக்கு மாமியார் இல்லை, அதனால் மாமியார் வேலையையும் நானே பார்த்தேன். அவள் உப்புப் போட்டால் நான் ருசி பார்த்து இன்னும் கொஞ்சம் போடுவேன். அவள் புளி கரைத்தால் தண்ணீர் அதிகம் என்பேன். எல்லோருக்கும் பரிமாறிய பிறகு நான் உட்காருவேன், எனக்கும் பரிமாறிவிட்டு அவள் உட்காருவாள். எந்த வீட்டில்தான் இப்படி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆவணி பிறந்ததும் பின்பாதியை இடித்தோம். அது முடிகிறவரை நாலு பேரும் முன்கூடத்தில் இருப்பது, ஒரு வருஷம் கழித்து முன்பாதியைக் கட்டுவது என்று திட்டம். கூடத்தின் ஒரு மூலையில் பம்ப் ஸ்டவ், அதை ஒட்டி பீரோ, பீரோவை ஒட்டி சிமெண்ட் மூட்டைகள். சாமி படங்களை அரிசி மூட்டை மேல் சாய்த்து வைத்திருந்தோம். அண்ணனும் தம்பியும் தெருவில் கட்டில் போட்டுப் படுத்தார்கள். பிரித்த ஓட்டிலிருந்து தினம் ஒரு தேளாவது வரும். சோற்றில் ஒரு நாள் சிமெண்ட், ஒரு நாள் செங்கல் தூள். கம்பெனி மண்ணையே தினம் தின்கிறோம், இது என்ன புதுசா அண்ணி என்று கொழுந்தனார் என்னைக் கிண்டல் செய்வார்.

குளிப்பதற்கு நாலு குச்சி நட்டுப் பழைய புடவையைச் சுற்றியிருந்தோம். மேஸ்திரியும் சித்தாள்களும் வருவதற்குள் குளித்து முடிக்க வேண்டும். ஒருத்தி குளித்தால் இன்னொருத்தி காவல். சின்னவள் குளிக்கும்போது பாடுவாள், ராகம் அந்தப் பக்கம் இழுக்கும், தாளம் இந்தப் பக்கம் இழுக்கும். போதும்டி, காக்கா பறக்குது என்பேன். உள்ளேயிருந்து என் மேல் தண்ணீர் தெளிப்பாள். நான் அதிகாரம் செய்ய அப்போது சமையலறையே இல்லை, அதனாலோ என்னவோ அந்த மூன்று வாரம் எங்களுக்குள் ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. நான் அவளோடு நெருக்கமாக இருந்தது அந்த மூன்று வாரம்தான்.

பின்பாதிச் சுவர் ஜன்னல் உயரத்துக்கு எழும்பியபோது சின்னவள் கலவை வாசனைக்கு வாந்தி எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். எனக்குப் புரிவதற்கு முன்பே கல் சுமந்துகொண்டிருந்த சித்தாளுக்குப் புரிந்துவிட்டது. அவள் போய் மேஸ்திரியின் காதில் போட்டாள். அன்றைக்கு எனக்குக் கம்பெனி லீவு, வீட்டில்தான் இருந்தேன். மணி பத்துகூட ஆகவில்லை, மேஸ்திரி தண்ணீர்த் தொட்டியில் கரண்டியைக் கழுவினார். சாயங்காலம் வேலை முடிந்தால்தான் அவர் கரண்டியைக் கழுவுவார். என்ன மேஸ்திரி என்று ஓடினேன்.

"புள்ளத்தாச்சி இருக்குற வூட்ல கல்லு பேக்கறது, வெக்கறது எல்லாம் தோஷம், நான் செய்ய மாட்டம்மா. அந்தப் பொண்ணு நல்லபடியா பெத்து எழுந்திரிக்கட்டும், அப்புறம் கூப்புடுங்க, வரேன்."

வீட்டுக்கு ஒரு பிள்ளை வரப்போகிறது என்பதையும் என் சமையலறை நின்றுபோகிறது என்பதையும் இப்படி ஒரே பேச்சில் கேட்டேன். சத்தியமாக முதலில் பிள்ளைக்குத்தான் சந்தோஷப்பட்டேன். சின்னவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். அந்தப் பிள்ளை என் கையில்தான் வளரும் என்று அங்கேயே மனசுக்குள் முடிவு கட்டினேன். கம்பெனியை விட்டு நின்றுவிடுவது, காலை நீட்டிப் போட்டு நானே குளிப்பாட்டுவது, சோறு பிசைந்து ஊட்டுவது என்று எல்லாம் யோசித்துவிட்டேன். பெற்றவள் அவளாக இருக்கட்டும், ஒரே வீட்டில் ஒரே சோறு தின்று வளரும் பிள்ளை எனக்கும் பிள்ளைதானே என்று நினைத்தேன். பத்து நிமிஷம் கழித்துச் சமையலறை ஞாபகம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக எல்லோரிடமும் நான் ஒரே காரணத்தைத்தான் சொல்லி வருகிறேன். ஐப்பசி மழை வந்தால் மேல்கூரை இல்லாத சுவர் ஊறிக் கெட்டுவிடும், அதனால்தான் வேலையை நிறுத்த முடியவில்லை என்று. அது பாதி நிஜம். சுவர் மேல் கீற்றைப் போட்டு மூடியிருக்கலாம். முன்கூடத்தில் ஒரு மழைக்காலத்தைத் தள்ளியிருக்கலாம், நன்றாகத்தானே இருந்தோம். எனக்குத் தைப்பொங்கலைப் புதுச் சமையலறையில் வைக்க வேண்டும். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்துவிட்டேன். விஷயம் அவ்வளவுதான்.

மேஸ்திரியை நான் விடவில்லை. அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். மூணாவது மாசத்தில் எந்த வீட்டில் அனுப்புவார்கள், சண்டை என்றுதான் ஊர் நினைக்கும் என்றார். வேறு வழியே இல்லையா என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஒன்று சொன்னார். ஓர் அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்தான் அவர் கணக்கில் ஒரு வீடு. சின்னவளுக்குத் தனி வாசலும் தனி அடுப்பும் வைத்து, பால் காய்ச்சிக் குடிவைத்துவிட்டால் அவள் பக்கத்து வீட்டுப் புள்ளத்தாச்சி. பக்கத்து வீட்டில் யார் முழுகாமல் இருந்தாலும் அவர் கல் பெயர்க்கலாம், யாருக்கும் தோஷமில்லை. ஆனால் வேலை முடிகிறவரை இங்கே வெந்தது அங்கே போகக் கூடாது, அங்கே வெந்தது இங்கே வரக் கூடாது. போனால் இரண்டும் ஒரே வீடு ஆகிவிடும் என்றார்.

வீட்டை ஒட்டிக் கிழக்கே ஒரு கொட்டகை இருந்தது. மாமனார் காலத்தில் பானை அடுக்கி வைத்த இடம், அப்போது விறகு போட்டு வைத்திருந்தோம். தெருவைப் பார்த்து அதற்குத் தனி வாசல் உண்டு. இடம்கூட இருக்கிறது என்று எனக்கு ஒரே குஷி. என் வீட்டுக்காரர், வேலை நின்றால் நிற்கட்டும், இதெல்லாம் வேண்டாம் என்றார். கொழுந்தனார் அவர் அண்ணன் முகத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னவள்தான், தனியாக வைத்துத்தான் ஆக வேண்டுமா அக்கா என்று மெதுவாகக் கேட்டாள்.

"நாலு மாசம் தனியா ஆக்கித் தின்னா கொறைஞ்சா போயிடுவ?" என்றேன்.

விளையாட்டாகச் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று தெரியாது, நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விறகை எங்கே மாற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நல்ல நாள் பார்த்துக் கொட்டகையில் அடுப்பு வைத்தோம். நானே களிமண் குழைத்தேன். அந்த மண்ணைப் பிடிக்கிற விஷயத்தில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. ஒரு விரிசல் இல்லாமல் வழவழவென்று பூசிக் கோலம் போட்டேன். புதுக்குடித்தனத்துக்குக் கொடுப்பது போலவே அரிசி, பருப்பு, உப்பு, மஞ்சள், புதுப் பானை என்று எல்லாம் வரிசையாக எடுத்துக் கொடுத்தேன். பால் பொங்கியதும் எல்லோரும் சிரித்தோம். சொப்பு வைத்து விளையாடுகிற பிள்ளைகள் மாதிரி இருந்தோம். மேஸ்திரி மறுநாள் காலையில் வந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுச் சுவர் வேலையை ஆரம்பித்தார்.

இரண்டு வாரம் போயிருக்கும். அவளுக்கு மசக்கை தாங்க முடியவில்லை. எதைத் தின்றாலும் வெளியே வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நான் கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மத்தியானம், மேஸ்திரியும் ஆட்களும் வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் கூடத்து வாசலில் வந்து நின்றாள். முகம் எலுமிச்சம்பழம் மாதிரி வெளுத்திருந்தது. கையில் ஒரு கிண்ணம்.

"கொஞ்சூண்டு கொழம்பு குடுங்கக்கா. வாசனை அங்க வரைக்கும் வருது, நாக்கு கேக்குது."

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் கையில் சோற்றை வைத்துக்கொண்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்தால் நாளைக்கு மறுபடியும் கரண்டியைக் கழுவிவிடுவார். அது ஒன்று. இன்னொன்றும் உண்டு, அதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. பத்து வருஷம் பிள்ளை பெறாதவள் கொடுத்ததை வாங்கித் தின்றாள், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று நாளைக்கு யாராவது சொல்லிவிட்டால்? தெருவில் அப்படிச் சொல்லக்கூடிய வாய் நாலைந்து எனக்கே தெரியும். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்கிற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. இந்த இரண்டில் எது என் வாயைத் திறந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"காங்கிரீட்டு போடுற வரைக்கும் பொறுத்துக்கடி. கருவாடு தரேன், நீயே வெச்சுக்க" என்றேன்.

சரிங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். கருவாட்டை வாங்கிக்கொள்ளவில்லை. பிள்ளைத்தாய்ச்சி கேட்டதை இல்லை என்று சொல்வதற்கு எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு வராது. வழியில் போகிறவள் கேட்டால்கூடக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம். நான் என் வீட்டுப் பெண்ணை வெறும் கிண்ணத்தோடு திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு உட்கார்ந்து அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் மறுபடியும் எதுவும் கேட்டு வரவில்லை. நான் கம்பெனியிலிருந்து வரும்போது கொட்டகையிலிருந்து தாளிக்கிற சத்தம் வரும். கொழுந்தனார் வேலை விட்டதும் சைக்கிளை நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்துவார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். என் கூடத்தில் அவர்கள் ஒரு நாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. பேசுவது கேட்காது, சிரிப்பது மட்டும் கேட்கும். அவளுக்கு மசக்கை விட்டது, உடம்பு தேறியது. பசித்த நேரத்தில் சாப்பிட்டாள், தன் நாக்குக்கு எவ்வளவு உப்பு வேண்டுமோ அவ்வளவு போட்டுக்கொண்டாள். நான் கவனிக்கத்தான் செய்தேன். பாவம், கஷ்டப்படாமல் இருக்கிறாளே என்றுகூட நினைத்தேன். அது எங்கே போய் நிற்கும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

மழைக்கு முன் காங்கிரீட் போட்டாகிவிட்டது. காங்கிரீட் இறுகுவதற்கு மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். பூச்சு வேலை, ஜன்னல் என்று மார்கழி முழுக்க ஓடியது. கம்பெனிகளில் செகண்ட்ஸில் கழித்துப்போட்ட வெள்ளை டைல்ஸை வாங்கி வந்து சமையல் மேடைக்கு ஒட்டினோம். நாலு பேர் ஒரே நேரத்தில் நின்று வேலை செய்யலாம், அவ்வளவு விசாலம். தை முதல் தேதி அதில் பொங்கல் வைத்தேன். சின்னவளுக்கு அப்போது எட்டாவது மாதம். வேலைதான் முடிந்துவிட்டதே, வா, நீயும் ஒரு கை அரிசி போடு, இன்றிலிருந்து பழையபடி ஒரே அடுப்பு என்று கூப்பிட்டேன். வந்தாள், அரிசி போட்டாள், பொங்கலை வாங்கிக்கொண்டாள். பிள்ளை பிறக்கட்டும் அக்கா, நடுவில் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். சரி, ஏதோ சாஸ்திரம் பார்க்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

மாசியில் வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்பினோம். பங்குனியில் பெண் பிறந்தது. மூணாம் மாதம் அழைத்து வந்தபோது நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, புதுச் சமையலறையில் பத்தியச் சோறு ஆக்கி வைத்துக் காத்திருந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கியவள் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலைத் திறந்தாள். நான் பிள்ளையை வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அங்கே எதற்குடி, இனிமேல் இங்கேதானே என்றேன்.

"எனக்குத் தனியாவே பழகிடுச்சுங்கக்கா. கோவிச்சுக்காதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். சண்டை போட்டுச் சேர்ந்திருப்போம், எத்தனை வீட்டில் நடக்கிறது. அவள் தயவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, குனிந்து அடுப்பில் படிந்த தூசியைத் துடைத்தாள். அன்றைக்கே நான் கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். தப்பு பண்ணிட்டேன்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பெரியவள் நான் போய் எப்படிச் சொல்வது என்று நின்றுகொண்டிருந்தேன். பிள்ளை பாலுக்கு அழ ஆரம்பித்ததும் அவள் கையை நீட்டினாள், கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வருஷம் கழித்து முன்பாதி வேலையைப் பேசியபோது கொழுந்தனார் அவர் அண்ணனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அடுப்புதான் தனியாக இருக்கிறதே, கொட்டகையைச் சேர்த்து ஒரு பக்கமாகப் பிரித்துக் கட்டிக்கொள்ளட்டுமா, ரேஷன் கார்டையும் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளட்டுமா என்று. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினேன். தனிக் குடும்பம் என்று ஊர் அறியப் பால் காய்ச்சிக் குடிவைத்தவளே நான்தானே. கூடத்துக்கு நடுவில் சுவர் எழுந்தது. அதே மேஸ்திரிதான் கட்டினார். இந்தத் தடவை கரண்டியைக் கழுவி வைக்க அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பண்டிகைக்குத் தட்டு மாற்றிக்கொள்வோம், தெருவில் எல்லா வீட்டுக்கும் போகிற மாதிரி. உடம்புக்கு முடியவில்லை என்றால் வந்து பார்ப்பாள். என் விசாலமான சமையலறையில் நான் இரண்டு பேருக்கு உலை வைத்துக்கொண்டிருந்தேன். ஆழாக்கு அரிசி, சின்னச் சட்டியில் குழம்பு. என் வீட்டுக்காரர் வாயில்லாத மனுஷர், இதைப் பற்றி ஒரு நாளும் என்னைக் குத்திக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

குழந்தைக்கு அப்போது நாலு வயது இருக்கும். அவ்வப்போது தெருவழியாக ஓடி வந்து என் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஸ்கூலில் நடந்ததையெல்லாம் சொல்வாள். ஒரு சாயங்காலம் கேழ்வரகு அடை சுட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றைப் பிட்டு, ஊதி ஆற்றி, வாய்க்கு நேரே நீட்டினேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"வேணாம் பெரிம்மா. அடுத்தவங்க வூட்ல வாங்கித் தின்னக் கூடாது."

யார் சொன்னது என்று கேட்டேன். அம்மா என்றாள். சின்னவள் மேல் இதில் தப்பே இல்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு எந்தத் தாயும் சொல்லிக்கொடுப்பதுதான். என்னை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாள், அது எனக்கு நிச்சயம். அடுத்தவர்கள் என்றால் யார் யார் என்று பிள்ளை தானாகவே பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறது. அடையைத் தட்டில் வைத்துவிட்டு அவளை மேடையிலிருந்து இறக்கிவிட்டேன். போயிட்டு வரேன் பெரிம்மா என்று சொல்லிவிட்டு, வாசலில் இறங்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.